முன் நிகழ்ந்ததெல்லாம் காரணமா? தடுப்பூசியும் பெரியவர்களின் நரம்பு நோய்களும்

தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு மூன்றாம் வாரத்தில் கால்விரல்கள் மரத்துப் போகின்றன. இரண்டு நாளில் மரமரப்பு முழங்காலுக்கு ஏறுகிறது. நான்காம் நாள் படியேற முடியவில்லை. நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு கில்லன் பாரே நோய் என்கிறார். உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தடம்மாறித் தன் நரம்புகளையே தாக்குவதால் வரும் நோய் அது. ஊசிதான் காரணமா என்று வீட்டார் கேட்கிறார்கள். ஒரே கேள்விபோல் ஒலிக்கும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த ஊசியால் அந்த நோய் வரக்கூடுமா என்பது முதலாவது. இவருக்கு வந்தது அதனால்தானா என்பது இரண்டாவது. இனி போட்டுக்கொள்பவர்களுக்கு வருமா, மறுபடி போட்டால் இவருக்குத் திரும்புமா என்பது மூன்றாவது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராய உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நெறிமுறையும் இவற்றைத் தனித்தனியாகவே வைக்கிறது. முதல் கேள்விக்கு லட்சக்கணக்கானோரைக் கணக்கெடுத்து விடை தேடலாம். இரண்டாவது ஒரே ஒரு உடலைப் பற்றியது. அந்த உடல் ஊசி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் காண முடியாது. தடுப்பூசி குறித்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் எழுபவை.

காரணம் என்றால் என்ன என்பது இந்தியத் தத்துவ மரபு நெடுங்காலம் வாதிட்ட விஷயம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தமிழில் அறியாதவர் இல்லை. வடமொழித் தருக்க நூலார் அதைக் காகதாலிய நியாயம் என்பர். நியாய தரிசனத்தார் இதைக் கடந்து ஓர் இலக்கணமே வகுத்தார்கள். காரணம் என்பது காரியத்துக்கு முன் நிகழ்வதாக இருக்க வேண்டும். எப்போதாவது முன் நிகழ்ந்தால் போதாது, தவறாமல் முன் நிகழ வேண்டும். அதோடு, அது இல்லாமலே காரியம் விளங்கிவிடும்படி இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையில்தான் அவர்களுடைய நுட்பம் தெரிகிறது. குடம் உருவாவதற்கு முன் குயவனின் தடி இருக்கிறது, அந்தத் தடியின் நிறமும் இருக்கிறது, குயவனுடைய தகப்பனும் இருந்தான், மண் சுமந்து வந்த கழுதையும் இருந்தது. எல்லாமே குடத்துக்கு முந்தியவைதான். ஆனால் தடியின் நிறத்தையும் தகப்பனையும் கழுதையையும் விட்டுவிட்டாலும் குடம் எப்படி வந்தது என்று சொல்லிவிடலாம். இப்படித் தள்ள வேண்டியவற்றை அன்யதாசித்தம் என்று பெயரிட்டு ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தை 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் இந்த விவாதம் தமிழ்ச் சைவ மடங்களின் பாடத்திலும் இடம்பெற்றது.

ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் இன்னொரு பக்கமிருந்து வந்தார். ஒரு பந்து இன்னொன்றை மோதுவதைப் பார்க்கிறோம், இரண்டாவது நகர்வதைப் பார்க்கிறோம். ‘காரணத்தன்மை’ என்ற ஒன்றை எங்குமே பார்ப்பதில்லை என்றார் அவர். தொடர்ந்து சேர்ந்து நிகழ்வதைக் கண்டு பழகிய மனம்தான் கட்டாயத் தொடர்பை ஊகிக்கிறது. தடுப்பூசி விஷயத்தில் இந்தக் கருத்து உடனே பயன்படுகிறது. ஒரே ஒரு நோயாளியை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், முன்னது ஊசி, பின்னது நோய் என்ற வரிசைக்கு மேல் அந்தப் பார்வை எதையும் தருவதில்லை. மேலே போக வேண்டுமானால் ஊசி போட்டும் நோய் வராதவர்களையும், ஊசி போடாமலே நோய் வந்தவர்களையும் சேர்த்து எண்ணியாக வேண்டும். 1965இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் நோய்க்கும் சூழலுக்கும் இடையிலான தொடர்பைக் காரணம் என்று ஏற்பதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்பது கோணங்களைத் தொகுத்தார். தொடர்பின் வலிமை, வெவ்வேறு இடங்களில் அது திரும்பத் தோன்றுவது, அளவு கூடக் கூட விளைவும் கூடுவது, உடலியல் விளக்கம் என்று அவை நீள்கின்றன. இவற்றில் எதுவும் தவிர்க்க முடியாத கட்டாய நிபந்தனை அல்ல என்பதையும் அவரே சொன்னார்.

தடுப்பூசிக்கும் நரம்பு நோய்க்கும் தொடர்பே இருக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. அதற்கு மிகத் தெளிவான சான்று இந்தியாவிலேயே இருந்தது. வெறிநாய்க்கடிக்கு டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய ஊசி, ரேபிஸ் கிருமி ஏற்றப்பட்ட ஆட்டு மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் பல பத்தாண்டுகள் இவ்வகை ஊசியைத் தயாரித்து வழங்கியது. வயிற்றில் 14 ஊசி என்று தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை அஞ்சிய சிகிச்சை இதுதான். ஊசித் தொடரின் நடுவிலோ முடிவிலோ சிலருக்குக் கைகால் செயலிழந்தது, தண்டுவடம் வீங்கியது, மூளை அழற்சி கண்டது. சில கணக்கெடுப்புகளில் சில ஆயிரம் பேருக்கு ஒருவர், வேறு சிலவற்றில் சில நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இது காணப்பட்டது.

ஆனால் அன்றைய மருத்துவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரேபிஸ் நோயே சிலரிடம் வெறியாக வெளிப்படாமல் பக்கவாதமாக வெளிப்படும். ஊசி போட்டவரின் கால் செயலிழந்தால் அது கடித்த நாயின் கிருமியாலா, ஊசியில் இருந்த கிருமி முழுவதும் சாகாததாலா, கிருமியோடு கூடவே உடலுக்குள் போன மூளைத் திசுவாலா? மூன்றுமே விளைவுக்கு முந்தியவை. வெறி பிடிக்காத நாய் கடித்து, ஐயத்தின் பேரில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இதே வாதம் வந்ததும், அவர்களில் பலர் பிழைத்ததும் முதல் சாத்தியத்தை விலக்கின. மீதி இரண்டில் எது என்பதை நியூயார்க் ராக்கஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1933இலும் 1935இலும் வெளியிட்ட சோதனைகள் காட்டின. அவர் எந்தக் கிருமியும் ஏற்றப்படாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். குரங்குகளுக்கு மூளை அழற்சி வந்தது. நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை சிதைந்தது. கழுதை எது, குயவன் எது என்று பிரித்துக்காட்டிய ஆய்வு என்றே இதைச் சொல்லலாம். 1987இல் தாய்லாந்தில், செம்பிள் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் மையலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதும் காட்டப்பட்டது. மருத்துவ வரலாற்றில் தடுப்பூசிக்கும் நரம்பு நோய்க்கும் இடையே இவ்வளவு முழுமையாக நிறுவப்பட்ட தொடர்பு அரிது.

இருந்தும் அந்த ஊசி இந்தியாவில் 2004 இறுதிவரை புழக்கத்தில் இருந்தது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம் என்பதால், வெறிநாய் கடித்தவருக்கு அந்த ஆபத்தான ஊசியும் உயிர் காக்கும் ஊசியாகவே இருந்தது. உயிரணு வளர்ப்பில் தயாராகும் பாதுகாப்பான ஊசிகள் 1970களிலும் 80களிலும் வந்த பிறகும், விலையைக் காட்டி ஏழைகளுக்கு ஆட்டு மூளை ஊசியும் வசதியுள்ளவர்களுக்குப் புதிய ஊசியும் என்று நாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியதை நியாயப்படுத்துவது கடினம். அந்தக் காலத்தில் காரணம் எது என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தெரிந்தும் மாற்றாமல் இருந்தது அறிவின் குறையல்ல.

அமெரிக்காவில் 1976இல் நடந்தது இதற்கு வேறான கதை. அவ்வாண்டுத் தொடக்கத்தில் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் கிருமி பரவி ஒரு படைவீரர் இறந்தார். 1918இன் பெருந்தொற்று திரும்புகிறதோ என்ற அச்சத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு நாடு முழுவதற்கும் தடுப்பூசி என்று அறிவித்தார். அக்டோபர் 1 அன்று திட்டம் தொடங்கியது. சில நாட்களிலேயே பிட்ஸ்பர்க் நகரில் ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பத்திரிகைகள் அலறின, சில மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தின. அவர்கள் ஏற்கெனவே இதய நோயாளிகள். வயதானவர்களை லட்சக்கணக்கில் வரிசையில் நிறுத்தி ஊசி போடும்போது, போட்ட அன்றும் மறுநாளும் அவர்களில் சிலர் இறப்பது இயல்பான இறப்பு விகிதத்தாலேயே நடக்கும். இங்கே காக்கையும் பனம்பழமும்தான் என்று ஆய்வில் தெரிந்தது. அதிபரே தொலைக்காட்சி முன் சட்டைக்கையை மடித்து ஊசி போட்டுக்கொண்டார்.

நவம்பரில் மின்னசோட்டா மாநிலத்து மருத்துவர் ஒருவர் ஊசிக்குப் பின் வந்த கில்லன் பாரே நோய் ஒன்றைத் தெரிவித்தார். இதையும் தற்செயல் என்று தள்ளியிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ ஊசியே இல்லாமலும் அந்த நோய் வருகிறது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் கிருமி அதற்கு நன்கறிந்த காரணங்களில் ஒன்று. 2025 தொடக்கத்தில் புணேயில் பலர் இந்நோயால் பாதிக்கப்பட்டபோது அந்தக் கிருமியும் அசுத்தமான குடிநீருமே பேசப்பட்டன. ஆனால் மின்னசோட்டாவுக்குப் பின் மற்ற மாநிலங்களிலும் தேடியபோது எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 16 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் சுமார் 4.5 கோடிப் பேர் ஊசி போட்டிருந்தார்கள். 1979இல் வெளியான ஆய்வு, அக்டோபர் முதல் ஜனவரி வரை நாட்டில் கண்ட 1,098 கில்லன் பாரே நோயாளிகளில் 532 பேர் நோய்க்கு முன் ஊசி போட்டவர்கள் என்றது. நோய் தொடங்கிய நாட்கள் ஊசிக்குப் பிந்தைய இரண்டு, மூன்றாம் வாரங்களில் குவிந்திருந்தன. அது வெறும் தற்செயலாக இருந்தால் நாட்கள் சீராகப் பரவியிருக்க வேண்டும். ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர் கூடுதலாக நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது.

இதற்கும் மறுப்பு எழுந்தது. ஊசியைப் பற்றிய செய்தி பரவிய பிறகு, ஊசி போட்டவரின் கால் தளர்ந்தால் மருத்துவர் உடனே தெரிவிப்பார், போடாதவர் விஷயத்தில் அவ்வளவு அக்கறை இருக்காது. எனவே கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்ற மறுப்பு அது. நியாயமான மறுப்புதான். கொள்ளைநோயியலின் முன்னோடிகளில் ஒருவரான அலெக்சாண்டர் லாங்முயர் குழுவினர் 1984இல் நோயாளிகளின் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தனர். லேசான பாதிப்பு என்று பதிவானவர்களிடம் தொடர்பு நிலைக்கவில்லை. கடுமையான பக்கவாதம் கண்டவர்களிடம் தொடர்பு நிலைத்து நின்றது. 2003இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு, 1976ஆம் ஆண்டு ஊசிக்கும் பெரியவர்களின் கில்லன் பாரே நோய்க்கும் காரணத் தொடர்பை ஏற்பதற்கே சான்றுகள் இடமளிக்கின்றன என்று முடிவு செய்தது. அந்த ஊசியில் எந்தப் பொருள் அதைச் செய்தது என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆக, செயல்வழி தெரியாமலே ஒன்றைக் காரணம் என்று ஏற்க வேண்டி வந்தது. எதிர்பார்த்த பெருந்தொற்றோ வரவே இல்லை. கிருமி முகாமுக்கு வெளியே பரவவில்லை. நோயுற்றவர்களின் துன்பத்துக்கு எதிராகத் தராசின் மறுதட்டில் வைக்க எதுவும் இல்லாமல் போனது.

அதற்குப் பின் வந்த ஃபுளூ ஊசிகளில் இந்த அளவு ஆபத்து காணப்படவில்லை. 2009 பெருந்தொற்றுக்கான ஊசிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது பத்து லட்சம் பேருக்கு ஒன்றரை நோயாளிகள் அளவில் மட்டுமே கூடுதல் தெரிந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2013இல் வெளியான ஆய்வு இரண்டு பக்கத்தையும் ஒருங்கே எடைபோட்டது. பத்து லட்சம் ஃபுளூ ஊசிகளுக்கு ஏறத்தாழ ஒரு கில்லன் பாரே நோயாளி. ஃபுளூ காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போன பத்து லட்சம் சந்தர்ப்பங்களுக்கு ஏறத்தாழ 17 பேர். காய்ச்சலே ஊசியைவிடப் பல மடங்கு பெரிய காரணம். எனவே ஊசியால் ஆபத்து உண்டா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. ஊசி இல்லாதபோது எது வரும் என்பது மீதி.

இந்த ஆய்வுகளில் பயன்படும் ஒரு முறையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஊசி போடுபவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஒரு சாரார் முதியவர்களாக இருக்கலாம், வேறு நோய் உள்ளவர்களாக இருக்கலாம், அடிக்கடி மருத்துவரைப் பார்ப்பவர்களாக இருக்கலாம். இந்த வேறுபாடுகளே நோய்க்குக் காரணமாகி, பழி ஊசி மேல் விழக்கூடும். 1995இல் பிரிட்டனின் பேடி ஃபாரிங்டன் முன்வைத்த முறை ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அவரையே அவரோடு ஒப்பிட்டது. ஊசிக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் நோய் தொடங்கியதா, அதே மனிதரின் மற்ற வாரங்களில் தொடங்கியதா என்று பல நோயாளிகளில் எண்ணுகிறார்கள். மரபணு, பழக்கம், வருமானம் எல்லாம் அவரோடேயே இருப்பதால் கணக்கிலிருந்து தாமாகவே விலகிவிடுகின்றன. அன்யதாசித்தங்களைக் களைவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பிரான்சில் ஹெபடைட்டிஸ்-பி ஊசி விவகாரம் வேறு திசையில் சென்றது. 1994 முதல் பெரும் பிரச்சாரத்தோடு கோடிக்கணக்கானோருக்கு ஊசி போடப்பட்டது. பெரியவர்களும் பெருமளவில் போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில், ஊசிக்குப் பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்ததாகச் செய்திகள் குவிந்தன. மூளை, தண்டுவடம் இரண்டிலும் மையலின் உறை திட்டுத்திட்டாகச் சிதையும் இந்த நோய் பெரும்பாலும் இளம்பருவப் பெரியவர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம் தோன்றுவது. ஊசி போடப்பட்டதும் பெரும்பாலும் அதே வயதினருக்கு. 1998 அக்டோபரில் அரசு, பள்ளிகளில் ஊசி போடுவதை நிறுத்தியது. அமெரிக்கச் செவிலியர்களிடையே நடந்த பெரிய ஆய்வு 2001இல் தொடர்பு இல்லை என்றது. 2004இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு மூன்று மடங்கு ஆபத்து என்றது. மற்ற ஆய்வுகள் பெரும்பாலும் அதை ஆதரிக்கவில்லை. இந்நோயின் தொடக்கத்தைத் தேதி குறிக்க முடியாததுதான் இங்கே பெரிய இடர்ப்பாடு. முதல் அறிகுறி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் மூளையில் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் முன்னது எது, பின்னது எது என்பதே நிச்சயமில்லை. 2022இல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் சேமித்த இரத்த மாதிரிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் இந்நோயின் ஆபத்து 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த இரத்தம் இருந்ததால்தான் அந்தக் காலவரிசையை நிறுவ முடிந்தது. ஊசிக்கு எதிராக அவ்வாறான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

2009 பெருந்தொற்றுக்கு ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் ஊசியில் காரணம் என்ற கருத்தே இன்னொரு சோதனைக்கு உள்ளானது. 2010 ஆகஸ்டில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நார்கோலெப்சி என்ற, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் மூளை நோய் கூடியது தெரிந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சிறுவரும் வளரிளம் பருவத்தினரும். பெரியவர்களிடமும் குறைந்த அளவில் ஏற்றம் காணப்பட்டது. நோயாளிகள் ஏறக்குறைய அனைவரும் குறிப்பிட்ட ஒரு மரபணு வகையைக் கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த மரபணு வட ஐரோப்பியரில் நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஊசி போட்டும் எதுவும் ஆகவில்லை. சீனாவில் ஊசி பரவலாக இல்லாத நிலையிலேயே 2009 தொற்றுக்குப் பின் அந்நோய் கூடியது. வேறு நிறுவனங்களின் ஊசிகள் இதே விளைவைத் தரவில்லை. அப்படியானால் காரணம் மரபணுவா, கிருமியின் புரதமா, ஊசியில் சேர்த்த ஊக்கியா?

சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், தண்டசக்கரத்தைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்தகாரணம் என்றும் பிரிக்கும். இவற்றை அப்படியே மருத்துவத்தில் பொருத்த முடியாது. மரபணுவை மண் என்றும் ஊசியைச் சக்கரம் என்றும் சொல்வது விளையாட்டாகிவிடும். ஆனால் ஒன்று மட்டும் இருந்தால் காரியம் பிறக்காது, பல கூடித்தான் பிறக்கும் என்ற அந்தப் பார்வை இங்கே உதவுகிறது. கென்னத் ராத்மன் 1976இல் கொள்ளைநோயியலுக்குக் கொடுத்த விளக்கமும் இதற்கு நெருக்கமானதே. ஒரு நோய் வரப் பல கூறுகள் ஒன்றுசேர வேண்டும். அவற்றில் எது விடுபட்டாலும் அந்த வழியில் நோய் வராது. இந்தக் கண்ணோட்டத்தில் ‘ஊசியா, மரபணுவா?’ என்ற கேள்வி தவறாகப் போடப்பட்ட கேள்வி. இரண்டுமே முழுக் காரணம் இல்லை. இரண்டுமே, இல்லாவிட்டால் நோய் வந்திராத காரணங்களாக இருக்கலாம். ஊசி மேல் பொறுப்பைச் சுமத்த வேண்டாம் என்பவர்கள் மரபணுவைச் சுட்டுவதும், மரபணுவைப் பேசினாலே மூடிமறைப்பு என்று மற்றவர்கள் சீறுவதும் ஒரே பிழையிலிருந்து வருகின்றன.

கோவிட் காலத்தில் இந்த அனுபவமெல்லாம் வேகமாகப் பயன்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஊசியின் பரிசோதனை 2020 செப்டம்பரில் ஒரே ஒருவருக்குத் தண்டுவட அழற்சி அறிகுறி தோன்றியதற்காகச் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் கோவிஷீல்டு என்று போடப்பட்டதும் அதே ஊசிதான். 2021 மார்ச்சில் அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்தது. கூடவே தட்டணுக்கள் குறைந்தன. நார்வேயிலும் ஜெர்மனியிலும் ஆராய்ந்தவர்கள், தட்டணுப் புரதம் ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவர்கள் இரத்தத்தில் இருப்பதைச் சில வாரங்களில் கண்டறிந்தார்கள். எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்பது அதனால் தெரிந்தது. பல உயிர்கள் பிழைத்தன. பிரிட்டன் முதலில் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பிறகு 40 வயதுக்குட்பட்டவர்களுக்கும் வேறு ஊசியைப் பரிந்துரைத்தது.

அதே காலத்தில் கேரள மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். மூன்று மாவட்டங்களில் சுமார் 12 லட்சம் பேருக்கு ஊசி போட்டபோது, முதல் டோஸுக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் ஏழு பேருக்குக் கடுமையான கில்லன் பாரே நோய் வந்தது. எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட இது 1.4 முதல் 10 மடங்கு வரை அதிகம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இவ்வளவு அகலமான இடைவெளி எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்யாது. அவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: வழக்கமான கில்லன் பாரே நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் இருபக்க முகவாதம் இவர்களிடம் முனைப்பாக இருந்தது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் மருத்துவர்களும் தனியாக அதே தோற்றத்தைக் கண்டு எழுதினார்கள். எண்ணிக்கை தடுமாறும் இடத்தில் நோயின் வடிவம் சாட்சி சொல்லியது. பிற்பாடு பெரிய அளவிலான ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. 2021 செப்டம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை இந்த ஊசியின் மிக அரிய பக்கவிளைவுகளில் கில்லன் பாரே நோயையும் சேர்த்தது. அடினோவைரஸை ஊர்தியாகக் கொண்ட ஜான்சன் ஊசிக்கும் அமெரிக்காவில் ஜூலையில் எச்சரிக்கை வந்தது. எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை.

இவை முதல் கேள்விக்கான விடைகள். இரண்டாவது கேள்வியான ‘இவருக்கு அதனால்தானா?’ என்பது இவ்வளவுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது. புள்ளியியல் ஒரு நிகழ்தகவைத் தரும். ஊசியால் ஆபத்து ஏழு மடங்காகிறது என்றால், ஊசிக்குப் பின் நோயுற்ற ஏழு பேரில் ஆறு பேருக்கு அது ஊசியால் வந்தது, ஒருவருக்கு எப்படியும் வந்திருக்கும். இரண்டு மடங்கு என்றால் பாதிக்குப் பாதி. ஆனால் அந்த ஏழு பேரில் ஆறு பேர் யார், ஒருவர் யார் என்று எந்தப் பரிசோதனையும் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தன் விஷயத்தில் உண்மை முழுமையாக இருக்கிறது என்று அறிந்திருக்கிறார். அது அவருக்கு எட்டாமலே இருக்கும். படுக்கையில் கிடப்பவரிடம் சராசரியைச் சொல்லி அனுப்பிவிடும் மருத்துவம் சரியான கணக்கைச் சொன்னாலும் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஊழ் என்று அவர் குடும்பம் ஆறுதல் தேடிக்கொள்வது அந்த வெற்றிடத்தில்தான். அதை அறியாமை என்று ஒதுக்குவதற்கு எவருக்கும் உரிமை இல்லை; ஆயினும் ஊழைக் காட்டி விசாரணையைக் கைவிடுவதற்கும் அரசுக்கு உரிமை இல்லை.

அறிய முடியாததை நீதி எப்படிக் கையாள்வது என்பதற்கு இரண்டு வழிகள் முயலப்பட்டன. பிரான்சில் ஹெபடைட்டிஸ்-பி ஊசிக்குப் பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து இறந்த ஒருவரின் வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. அறிவியலில் ஒருமித்த கருத்து இல்லாவிட்டாலும், காலநெருக்கம், முன்னர் நோயின்மை போன்ற வலுவான, குறிப்பான, ஒன்றோடொன்று பொருந்தும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு நீதிபதி காரணத் தொடர்பை முடிவு செய்யலாம் என்று 2017 ஜூனில் அது தீர்ப்பளித்தது. சில சான்றுகள் இருந்தாலே தொடர்பு தானாக நிறுவப்பட்டதாகக் கொள்ளக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அறிவியலைத் தூக்கியெறிந்த தீர்ப்பு என்று இது பரவலாகக் கண்டிக்கப்பட்டது. நீதிமன்றம் சொன்னது அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும், ஓர் ஆபத்து அதில் உண்டு. ‘ஆரோக்கியமாக இருந்தார், ஊசி போட்டார், நோயுற்றார்’ என்பது தற்செயலாக நோயுற்ற ஒவ்வொருவருக்கும் பொருந்தும் விவரிப்பு.

அமெரிக்கா 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு வழியைத் தேர்ந்தது. எந்த ஊசிக்குப் பின், எத்தனை நாட்களுக்குள், எந்த நோய் வந்தால் ஊசியே காரணம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. பருவகால ஃபுளூ ஊசிக்குப் பின் 3 முதல் 42 நாட்களுக்குள் தொடங்கும் கில்லன் பாரே நோய் 2017இல் அதில் சேர்க்கப்பட்டது. பெரும்பாலான ஆண்டுகளில் ஊசியின் பங்கு மிகச் சிறிது, அல்லது கண்டறியவே முடியாதது என்பது தெரிந்தே அதைச் சேர்த்தார்கள். அந்த அட்டவணைப்படி இழப்பீடு பெறுபவர்களில் பலருக்கு நோய் ஊசியால் வந்திருக்காது. உண்மையாகவே ஊசியால் பாதிக்கப்பட்ட ஒருவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதற்காக ஏற்றுக்கொண்ட பிழை அது. ஊரின் நன்மைக்காக ஒருவர் கையை நீட்டுகிறார். அரிதாக விழும் அடி அவர் மேல் விழுகிறது. அதை அவர் தனியாகச் சுமக்க விடுவது நியாயமல்ல என்ற எண்ணத்தில் மேற்கு ஜெர்மனி 1961இலும் பிரிட்டன் 1979இலும் இழப்பீட்டுக்கு வழி செய்தன. அறிவியல் முடிவையும் இழப்பீட்டையும் பிரித்து வைத்ததே இந்த ஏற்பாட்டின் பலம். இழப்பீடு கொடுத்ததைக் காட்டி ஊசியே காரணம் என்று வாதிடுவதும், காரணம் நிறுவப்படவில்லை என்று காட்டி இழப்பீட்டை மறுப்பதும் இந்தப் பிரிவைக் குலைக்கின்றன.

மூன்றாவது கேள்வி, மறுபடி போடலாமா என்பது, பிழைத்தெழுந்தவருக்கு அன்றாடக் கவலை. ஃபுளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரே நோய் வந்தவருக்கு அதே ஊசியை மறுபடி போடுவதில் எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஃபுளூவால் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவராக அவர் இருந்தால் முடிவு மாறலாம். கலிஃபோர்னியாவின் கைசர் மருத்துவ அமைப்பில் 1995 முதல் 2006 வரை இந்நோய் கண்ட 550 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படுகிறது. அவர்களில் 279 பேர் பின்னாளில் மொத்தம் 989 தடுப்பூசிகள் போட்டுக்கொண்டார்கள். 550 பேரில் ஆறு பேருக்கு மட்டுமே நோய் திரும்பியது. அந்த ஆறு பேரில் எவரும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் எந்த ஊசியும் போட்டிருக்கவில்லை. ஃபுளூ ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் முதலில் நோயுற்றவர்கள் 18 பேர். அவர்களில் மறுபடி ஃபுளூ ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருவர். இருவருக்கும் நோய் திரும்பவில்லை. ஆனால் இரண்டு பேரை வைத்து உறுதி கூற முடியாது என்பதால் அந்த எச்சரிக்கை நீடிக்கிறது. அத்தகையவர் ஊசி போடுவதா வேண்டாமா என்பதை அவருடைய வயது, நுரையீரல், இதயம், அவ்வாண்டுக் காய்ச்சலின் கடுமை இவற்றைப் பார்த்து மருத்துவரும் அவருமாகச் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள்.